கற்பிக்கப் பிறந்த கணினி

ஒலிபரப்பு நிலையத்தின் தொழில் எடுத்துரைப்பது. அது செய்தி சொல்லும்; இசை வழங்கும்; உழவனுக்குப் பயிர்ச்செய்கை முறைகளையும் மாணவனுக்குப் பாடங்களையும் விளக்கும். கேட்டதைக் கையாற் செய்துபார்ப்பதற்கு வேண்டிய கருவியையும் அந்நிலையமே வழங்குவது வழக்கமன்று. 1981ஆம் ஆண்டிற் பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம், அதாவது பி.பி.சி., இவ்வழக்கத்துக்கு மாறான ஒரு செயலில் இறங்கியது. கணினி என்பது யாது, அது எவ்வாறு இயங்குகின்றது என்பதை நாட்டு மக்களுக்குக் கற்பிக்க எண்ணிய அந்த ஸ்தாபனம், பாடத்தோடு கூடக் கணினியையும் தன் பெயராலேயே வெளியிட்டது. பி.பி.சி. மைக்ரோ என வழங்கிய அந்த எட்டுப் பிட் கணினியின் வரலாறு, ஒரு சமுதாயம் புதிய பொறியொன்றை எதிர்கொள்ளும்போது அதை வெறுமனே பயன்படுத்தக் கற்கிறதா, அன்றி அதன் உட்பொருளை அறியக் கற்கிறதா என்னும் வினாவோடு பிணைந்தது.

இதன் தொடக்கம் 1978ஆம் ஆண்டிலே காணப்படுகின்றது. அவ்வாண்டில் பி.பி.சி. தொலைக்காட்சியின் 'ஹொரைசன்' வரிசையில், நுண்சில்லுகளைப் பற்றிய விவரணப் படமொன்று காட்டப்பட்டது. விரல் நகத்தளவான சிலிக்கன் துண்டொன்று எத்தனை தொழில்களை மாற்றிவிடும், எத்தனை பேருடைய வேலையைப் பறித்துவிடும் என்பதை அப்படம் எடுத்துக்காட்டிற்று. பாராளுமன்றம் முதல் தொழிற்சங்கங்கள் வரை அச்சமும் விவாதமும் எழுந்தன. அறியாமையிற் பிறக்கும் அச்சத்துக்கு அறிவே மருந்தாகும் எனக் கண்ட பி.பி.சி.யின் கல்விப் பிரிவினர், கணினி அறிவுத் திட்டம் என ஒன்றை வகுத்தனர். தொலைக்காட்சித் தொடர், நூல், பயிற்சிப் பாடம் ஆகியவை அதில் அடங்கின.

அங்கே ஓர் இடர் தோன்றியது. கணினிக்குக் கட்டளையிடப் புதியவர்கள் அக்காலத்திற் பெரும்பாலும் பேசிக் என்னும் மொழியைக் கையாண்டனர். ஆனால் ஒவ்வொரு நிறுவனத்தின் கணினியும் அம்மொழியை ஒவ்வொரு விதமாகப் பேசிற்று. ஒரு கணினிக்கு எழுதிய கட்டளைத் தொடர் மற்றொன்றில் ஓடாது. இந்நிலையில் திரையிலே தோன்றும் ஆசிரியர் எந்தக் கணினியை வைத்துப் பாடம் நடத்துவார்? பார்ப்பவர் வீட்டில் எதை வைத்துப் பயிற்சி செய்வார்? பாடத்துக்கு ஏற்ற கணினி ஒன்று வேண்டும் என்ற முடிவு இவ்வாறே பிறந்தது. திட்டத்தின் பொறுப்பாளர்கள் வேண்டிய இயல்புகளைப் பட்டியலாக எழுதினர். மொழி ஒழுங்கானதாக இருத்தல் வேண்டும். வண்ணமும் ஒலியும் வேண்டும். வெளிக் கருவிகளை இணைக்க வழி வேண்டும். பிற்காலத்தில் விரிவாக்கவும் இடம் இருத்தல் வேண்டும்.

முதலில் நியூபரி என்னும் நிறுவனத்தின் கணினியொன்று கருத்திற் கொள்ளப்பட்டது. அது காலத்தில் முடிவுறாது என்று தெரிந்ததும், பி.பி.சி.யினர் வேறு நிறுவனங்களை நாடினர். கேம்பிறிட்ஜ் நகரில் இருந்த ஏகோர்ன் என்னும் சிறு நிறுவனமும் அவற்றுள் ஒன்று. ஒஸ்திரியாவிற் பிறந்த பௌதிக அறிஞர் ஹேர்மன் ஹவுசரும், முன்னர் கிளைவ் சின்கிளையரோடு பணியாற்றிய கிறிஸ் கர்ரியும் 1978இல் அதனைத் தோற்றுவித்திருந்தனர். புரோட்டன் என்ற பெயரில் ஒரு கணினியைப் பற்றி அங்கே எண்ணம் இருந்தது, கணினி இருக்கவில்லை. பி.பி.சி.யினர் ஒரு வாரத்தில் நேரிற் காண வருவர் என்ற செய்தி கிடைத்தது.

அப்பொழுது ஹவுசர் கையாண்ட உபாயம் இன்றும் பேசப்படுகின்றது. அவர் இளம் வடிவமைப்பாளர் ஸ்டீவ் ஃபர்பரிடம், ஒரு வாரத்தில் இதைச் செய்து முடிக்கலாம் என ஸோபி வில்சன் கூறிவிட்டார் என்றார். வில்சனிடம், ஃபர்பர் கூறிவிட்டார் என்றார். இருவரும் மற்றவர் சொல்லை நம்பி இசைந்தனர். ஐந்து நாட்கள் இரவும் பகலும் உழைத்து, கையாற் கம்பி சுற்றி ஒரு மாதிரிப் பொறி உருவாக்கப்பட்டது. வருகை நாளாகிய வெள்ளிக்கிழமை அதிகாலை வரை அது உயிர்பெறவில்லை. அதனைச் சோதனைக் கருவியோடு பிணைத்திருந்த இணைப்பை அறுத்துப் பார்க்குமாறு ஹவுசர் கூறினார். அறுத்ததும் பொறி இயங்கத் தொடங்கிற்று. காண வந்தவர்கள் இயங்கும் கணினியைக் கண்டனர். ஒப்பந்தம் ஏகோர்ன் நிறுவனத்துக்குக் கிடைத்தது.

1981 டிசம்பரில் இக்கணினி அறிவிக்கப்பட்டது. 1982 ஜனவரி 11ஆம் நாள், பத்துப் பகுதிகள் கொண்ட தொலைக்காட்சித் தொடர் தொடங்கிற்று. ஏ மாதிரியின் விலை 235 பவுண், பீ மாதிரியின் விலை 335 பவுண் என முதலில் விதிக்கப்பட்டு, விரைவில் அவை 299 ஆகவும் 399 ஆகவும் உயர்ந்தன. இவ்விலை எளியதன்று. அக்காலத்திற் சின்கிளையரின் சிறு கணினியொன்று 70 பவுணுக்குக் கிடைத்தது. ஆயினும் கேள்வி பெருகிற்று. பன்னிரண்டாயிரம் விற்றாலே போதும் என எண்ணப்பட்ட கணினிக்கு எங்கிருந்தும் விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. தனியாக வடிவமைத்த சில்லுகளில் ஏற்பட்ட குறைகளால் உற்பத்தி தடைப்பட்டது. தொடர் தொடங்கிய வேளையில், பணம் கட்டிய பலர் கணினி வரவைப் பார்த்துக் காத்திருந்தனர். எனினும் முடிவில் விற்பனையான கணினிகளின் தொகை பதினைந்து இலட்சத்தைக் கடந்தது.

இனி அதன் ஆற்றலை நோக்குதல் தகும். எட்டுப் பிட் கணினி என்பதன் பொருள், அதன் செயலி ஒரு முறைக்கு எட்டு இருமை இலக்கங்களைக் கையாளும் என்பதாம். பூச்சியமும் ஒன்றுமாகிய இலக்கங்கள் எட்டினைச் சேர்த்து 256 வேறு மதிப்புகளைக் குறிக்கலாம். இவ்வெட்டின் தொகுதி ஒரு பைட் எனப்படும். பி.பி.சி. மைக்ரோவில் அமைந்த செயலி 6502 என்பது. 1975இல் அமெரிக்காவிலே வெளிவந்த அச்சில்லின் சிறப்பு அதன் எளிமையும் மலிவுமே. பி.பி.சி. மைக்ரோவில் அது விநாடிக்கு இருபது இலட்சம் துடிப்புகள் என்ற வேகத்தில் இயங்கிற்று. நினைவகத்தில் அது சுட்டக்கூடிய இடங்கள் 65,536 மட்டுமே. அவற்றிற் பாதியாகிய 32 கிலோபைட், பீ மாதிரியிற் பயனாளரின் எழுத்துக்கும் திரைக்கும் உரியது. மறு பாதியில் இயக்க முறைமையும் பேசிக் மொழியும் மாறா நினைவகத்தில் நிலைபெற்றிருந்தன.

நினைவகத்தைச் செயலி மட்டும் நாடுவதில்லை. திரையிலே படத்தை வரையும் பகுதியும் இடைவிடாது அதனைப் படித்தல் வேண்டும். அக்காலத்து வேறு சில கணினிகளிற் படம் வரையும் வேளையிற் செயலி காத்து நிற்க நேர்ந்தது. பி.பி.சி. மைக்ரோவின் வடிவமைப்பாளர்களோ, விநாடிக்கு நாற்பது இலட்சம் முறை படிக்கத்தக்க விரைந்த நினைவகச் சில்லுகளைத் தேர்ந்தனர். ஒரு கிணற்றில் இரு தோட்டத்தார் முறைவைத்து நீர் இறைப்பதுபோல, ஒரு முறை செயலியும் மறு முறை திரையுமாக மாறி மாறி அதனைப் பயன்படுத்தின. எவரும் எவருக்காகவும் காத்திருக்கவில்லை. தன் காலத்து வீட்டுக் கணினிகளுள் இது விரைவிற் சிறந்து விளங்கியமைக்கு இவ்வேற்பாடு முதற் காரணமாகும்.

திரைக்கு எட்டு விதமான அமைவுகள் இருந்தன. ஒன்றில் குறுக்கே 640 புள்ளிகள் நுணுக்கமாக அமையும், நிறம் இரண்டே. மற்றொன்றில் எட்டு நிறங்களும், மின்னி மறையும் எட்டு இணைகளும் கிடைக்கும்; ஆனாற் குறுக்கே 160 புள்ளிகள் மட்டுமே. இவற்றுக்கு இடைப்பட்ட ஓர் அமைவில் 320 புள்ளிகளும் 256 வரிகளும் நான்கு நிறங்களும் உண்டு. ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டு பிட் எனக் கணக்கிட்டால், இப்படம் ஒன்றுக்கே 20 கிலோபைட் செலவாகும். எஞ்சியதில் இயக்க முறைமையின் தேவை போகச் செய்நிரலுக்கு, அதாவது பயனாளர் எழுதும் கட்டளைத் தொடருக்கு, ஏறத்தாழ எட்டரைக் கிலோபைட்டே மிஞ்சும். மாறாக, தொலைக்காட்சி எழுத்துப் பக்கங்களைப் போன்ற ஏழாம் அமைவு ஒரு கிலோபைட்டோடு அடங்கிவிடும். வண்ணம் வேண்டுமா, நுணுக்கம் வேண்டுமா, செய்நிரலுக்கு இடம் வேண்டுமா என மாணவன் ஒவ்வொரு முறையும் எண்ணித் தேர்ந்தாக வேண்டும். வரவறிந்து செலவு செய்யும் இந்தச் சிக்கனம், நூலிற் படியாமலே கைவந்த பாடமாயிற்று.

கணினியின் மொழியை ஆக்கியவர் ஸோபி வில்சன். பழைய பேசிக் மொழியிற் கட்டளைகள் முன்னும் பின்னும் தாவித் தாவிச் சென்று, எழுதியவருக்கே விளங்காத சிக்கலாவது வழக்கம். பி.பி.சி. பேசிக் மொழியிலோ ஒரு பணியைத் தனியே வகுத்து, அதற்குப் பெயரிட்டு, வேண்டிய இடத்தில் அப்பெயரால் அழைக்கலாம். அன்றியும், செயலியின் சொந்த மொழியிலமைந்த கட்டளைகளையும் பேசிக் வரிகளுக்கு இடையிலேயே எழுதலாம். தொடக்க மாணவன் எளிய மொழியிலே புறப்பட்டு, பொறியின் அடித்தளம் வரை தடையின்றி இறங்கிச் செல்ல இது வழி திறந்தது. மின்னிணைப்பைத் தந்ததும் இருதொனியில் ஓர் ஒலி எழும். கணினியின் பெயரும் மொழியின் பெயரும் திரையிலே தோன்றும். அதன் கீழ் ஒரு சிறு குறி கட்டளையை எதிர்நோக்கி நிற்கும். எழுதத் தொடங்குவதற்கு வேறு ஆயத்தம் எதுவும் வேண்டியதில்லை.

கணினியின் பின்புறத்திலும் அடிப்புறத்திலும் பல இணைப்பு வாயில்கள் இருந்தன. ஒலிநாடாப் பதிவுக் கருவி, அச்சுப்பொறி, வட்டு ஆகியவற்றோடு, வெப்பத்தையும் ஒளியையும் அளக்கும் கருவிகளையும் இணைக்கலாம். பாடசாலை ஆய்வுகூடங்களில் அது அளவுகருவியாயிற்று. எக்கோநெட் என்னும் வலையமைப்பின் வழியே ஒரு வகுப்பறையின் கணினிகள் யாவும் ஒரே வட்டையும் ஒரே அச்சுப்பொறியையும் பகிர்ந்துகொண்டன. வட்டுக் கருவி விலையுயர்ந்த பொருளாக இருந்த அந்நாளில் இது பேருதவியாகும். யாவற்றினும் புதுமையானது டியூப் எனப்பட்ட வாயில். அதன் வழியாக வேறொரு செயலியை இணைத்தால், கணக்கிடும் தொழிலை அப்புதிய செயலி ஏற்கும். விசைப்பலகையையும் திரையையும் பழைய கணினி கவனிக்கும். இந்த வாயில் பிற்காலத்தில் எதற்குப் பயன்படும் என்பதை அதனை அமைத்தவர்களே அன்று அறிந்திருக்கவில்லை.

ஒலிபரப்பு நிலையத்தின் கணினி ஆதலால், வான்வழியே செய்நிரல்களை அனுப்பும் முயற்சியும் நடந்தது. தொலைக்காட்சி அலைகளில் படத்துக்குப் பயன்படாத வரிகளில் எழுத்துப் பக்கங்களை ஒளித்து அனுப்பும் சீஃபாக்ஸ் சேவையை பி.பி.சி. 1974 முதல் நடத்தி வந்தது. 1983 முதல் 1989 வரை அச்சேவையில் செய்நிரல்களும் அனுப்பப்பட்டன. தனிக் கருவியொன்றைப் பொருத்திய கணினி அவற்றைக் காற்றிலிருந்தே பெற்றுக்கொண்டது. வானொலியும் பின்தங்கவில்லை. பல்வேறு கணினிகளுக்கும் பொதுவான பேசிகோட் என்னும் முறையை நெதர்லாந்து வானொலியினர் வகுத்திருந்தனர். அம்முறையில் 1984ஆம் ஆண்டில் பி.பி.சி. வானொலியும் செய்நிரல்களை ஒலியாக ஒலிபரப்பிற்று. கேட்பவர் செவிக்கு அது வெறும் கீச்சொலி. அதனை நாடாவிற் பதிந்து கணினிக்கு ஊட்டினால், எழுதிய செய்நிரலாக உருப்பெறும்.

கணினி பாடசாலைகளை அடைவதற்கு அரசாங்கமும் துணைநின்றது. பிரித்தானியக் கைத்தொழில் திணைக்களம், 1981இல் இடைநிலைப் பாடசாலைகளுக்கும் அடுத்த ஆண்டில் ஆரம்பப் பாடசாலைகளுக்கும், குறித்த சில உள்நாட்டுக் கணினிகளுள் ஒன்றை வாங்கப் பாதி விலையை வழங்கிற்று. பெரும்பாலான பாடசாலைகள் பி.பி.சி. மைக்ரோவையே தேர்ந்தன. இந்தியாவில் 1984இல் தொடங்கிய பாடசாலைக் கணினிக் கல்வித் திட்டத்திலும் இக்கணினியே இடம்பெற்றது. ஏறத்தாழ 250 பாடசாலைகளில் அது முதலில் வைக்கப்பட்டது.

குறுகிய இடத்துக்குள் எவ்வளவு செய்யலாம் என்பதற்கு 1984இல் வெளிவந்த 'எலீட்' என்னும் விளையாட்டுச் சான்றாகும். கேம்பிறிட்ஜ் மாணவர்களாகிய டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் அதனை இயற்றினர். விண்கலத்திற் பயணம் செய்து வாணிபம் நடத்தும் அவ்விளையாட்டில் எட்டு விண்மீன் மண்டலங்கள் உண்டு; ஒவ்வொன்றிலும் 256 உலகங்கள். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட உலகங்களின் பெயரையும் இடத்தையும் வாணிப நிலையையும் எழுதிவைக்க நினைவகத்தில் இடமேது? சில எண்களை வித்தாகக் கொண்டு, கணித விதியொன்றினால் அவை யாவும் வேண்டும்போதெல்லாம் கணித்துப் பெறப்பட்டன. ஆலம் வித்தினுள் மரம் அடங்கியதுபோல, அவ்வெண்களுள் அந்த அண்டம் அடங்கிக் கிடந்தது.

இக்கணினியின் மிகப் பெரிய விளைவு எவரும் எதிர்பாராத திசையில் வந்தது. 1983இல் ஏகோர்ன் நிறுவனத்தார் 6502க்கு அடுத்த செயலியைத் தேடினர். சந்தையில் இருந்தவை மனநிறைவு தரவில்லை. அமெரிக்காவில் பினிக்ஸ் நகருக்கு அருகிலுள்ள ஒரு வடிவமைப்பு நிலையத்தை வில்சனும் ஃபர்பரும் சென்று பார்த்தனர். சிலரே கூடிய சிறு குழுவொன்று அங்கே செயலி வடிவமைப்பதைக் கண்டு, அது தம்மாலும் இயலும் எனத் தேறினர். கட்டளைகளைக் குறைத்து விரைவைக் கூட்டும் கொள்கையில் வில்சன் கட்டளைத் தொகுதியை வகுத்தார். ஃபர்பர் உள்ளமைப்பை வரைந்தார். வடிவத்தைச் சோதிக்கும் மாதிரிகள் பி.பி.சி. பேசிக் மொழியிலேயே எழுதப்பட்டன. 1985 ஏப்ரல் 26ஆம் நாள், ஆம் என்று பெயர் பெற்ற அச்சில்லு வந்து சேர்ந்தது. பி.பி.சி. மைக்ரோவின் டியூப் வாயிலிற் பொருத்தியதும் முதல் நாளிலேயே இயங்கிற்று. அதன் மின்செலவை அளக்க முயன்ற ஃபர்பர், மானியில் முள் அசையாதிருக்கக் கண்டார். சில்லுக்கு மின் வழங்கும் கம்பி இணைக்கப்படவே இல்லை. ஏனைய இணைப்புகளில் இருந்து கசிந்த மின்னைக் கொண்டே அது இயங்கியிருந்தது. மின்செலவு குறைந்த அந்தச் சில்லின் வழிவந்தவை பின்னர் கைத்தொலைபேசிகளில் எங்கும் இடம்பெற்றன. ஆம் வடிவில் அமைந்த சில்லுகள் இருபதாயிரம் கோடிக்கு மேல் உலகிற் செய்யப்பட்டுள்ளன.

புகழோடு ஒரு படிப்பினையும் இவ்வரலாற்றில் உண்டு. வேந்தன் வில்லியம் 1086இல் இங்கிலாந்தின் நிலங்களைக் கணக்கெடுத்து எழுதுவித்த 'டூம்ஸ்டே' ஏட்டுக்கு 900 ஆண்டு நிறைந்தபோது, பி.பி.சி. 1986இல் புதியதொரு கணக்கெடுப்பை வெளியிட்டது. பாடசாலைப் பிள்ளைகள் உட்பட ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் தத்தம் ஊரைப் பற்றி எழுதியும் படம் பிடித்தும் அனுப்பியவை, பி.பி.சி. கணினியோடு இணைந்த ஒளிவட்டுகளிற் பதியப்பட்டன. அவற்றைக் காண வேண்டிய கருவித் தொகுதி ஏறத்தாழ 5,000 பவுண் விலையாயிற்று. எழுதி அனுப்பிய பாடசாலைகள் பலவற்றுக்கே அது எட்டவில்லை. பதினாறு ஆண்டுகள் செல்வதற்குள், அவ்வட்டுகளைப் படிக்கவல்ல கருவிகள் அருகிவிட்டன. தோலில் எழுதிய 900 ஆண்டுப் பழமையான ஏட்டினைப் படிக்கலாம். நேற்றெழுதியதைப் படிக்க இயலாது என்ற நிலை உருவாயிற்று. லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் பழைய கணினியின் இயக்கத்தைப் புதிய கணினியிற் போலச் செய்து அச்செல்வத்தை மீட்கும் வழியை 2002இல் காட்டினர். 2011இல் அதன் ஒரு பகுதியை பி.பி.சி. இணையத்திற் பொதுமக்களுக்குத் திறந்து வைத்தது.

மறதி வட்டுகளுக்கு மாத்திரம் நேர்ந்ததன்று. 1990களில் அலுவலகக் கணினிகள் பாடசாலைகளிற் புகுந்தபோது, பாடமும் மாறிற்று. கடிதம் தட்டெழுதவும் அட்டவணை நிரப்பவும் பிள்ளைகள் பயிற்றப்பட்டனர். செய்நிரல் எழுதும் பழக்கம் அருகிற்று. இக்குறையை 2012 ஜனவரியில் பிரித்தானிய ரோயல் சங்கத்தின் அறிக்கையொன்று வெளிப்படையாக எடுத்துரைத்தது. அதே ஆண்டில் வெளிவந்த ராஸ்பெரி பை என்னும் மலிவான சிறு கணினியை ஆக்கியோர், பழைய கணினியை நினைந்து தம் கணினிக்கும் ஏ மாதிரி, பீ மாதிரி என்றே பெயரிட்டனர். 2014 செப்டம்பர் முதல் இங்கிலாந்தின் பாடத்திட்டத்திற் செய்நிரல் எழுதுதல் மீண்டும் இடம்பெற்றது. 2016இல் பி.பி.சி.யும் உள்ளங்கையில் அடங்கும் சிறு கணினிகளை ஏறத்தாழ பத்து இலட்சம் மாணவருக்கு இலவசமாக வழங்க முன்வந்தது. முப்பது ஆண்டுகளுக்கு முன் தெரிந்திருந்த ஒன்றை ஒரு நாடு மறுபடியும் தேடிக் கற்க நேர்ந்தது.

இங்கிலாந்தில் பிளெச்லி பார்க் வளாகத்திலுள்ள தேசிய கணினி அருங்காட்சியகத்திற் பி.பி.சி. மைக்ரோ கணினிகளை வரிசையாக வைத்த வகுப்பறையொன்று அமைக்கப்பட்டுள்ளது. அங்கு வரும் பாடசாலைப் பிள்ளைகள் அவற்றின் முன் அமர்ந்து எழுதிப் பழகுகின்றனர். மின்னிணைப்பைத் தந்ததும் அதே இருதொனி ஒலி எழுகின்றது. திரையில் அதே சிறு குறி தோன்றி, அமர்ந்திருக்கும் பிள்ளை முதற் கட்டளையை எழுதும் வரை காத்திருக்கின்றது.